நண்பர்கள் அனுப்பிய பழைய பிக்சர் போஸ்ட்கார்டுகளும் பாதியில் போன ஹாலிவுட் நட்சத்திரங்களும்

#1 தபால்பெட்டி

என்னிடம் ஒரு கட்டு பிக்சர் போஸ்ட்கார்டு இருக்கிறது. 70களிலும் 80களின் தொடக்கத்திலும் இரண்டு நண்பர்கள் அனுப்பியவை. ஒருவன் தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. இன்னொருவன் மேல்படிப்புக்கு லாஸ் ஏஞ்சலீஸ் போய் அங்கேயே தங்கிவிட்டவன். கல்லூரியில் நாங்கள் மூவரும் இங்கிலீஷ் படக் கோஷ்டி. அதனால் மற்ற வீடுகளுக்குச் சுதந்திர தேவி சிலை வந்தபோது என் வீட்டுக்கு நடிகர் நடிகைகள் வந்தார்கள். போஸ்ட்மேன் முன்பக்கத்தை முழுசாகப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

இப்போது எல்லாவற்றையும் மேஜையில் பரப்பிப் பார்க்கும்போது ஒன்று உறைக்கிறது. ஜேம்ஸ் டீன், ஜீன் ஹார்லோ, புரூஸ் லீ, ஜேன் மான்ஸ்ஃபீல்டு, மர்லின் மன்றோ. இறக்கும்போது டீனுக்கு 24, ஹார்லோவுக்கு 26, லீக்கு 32, மான்ஸ்ஃபீல்டுக்கு 34, மன்றோவுக்கு 36. நரை கண்டவர் ஒருவர்கூட இல்லை.

ஒரு அட்டையில் நட்சத்திரமே இல்லை. கேட்டலினா தீவு, அவலான் துறைமுகம், கரையில் அந்த வட்டமான வெள்ளைக் கட்டடம். சான் பெட்ரோ முத்திரை, 1981 டிசம்பர். பின்னால் நீல பால்பாயிண்டில் இப்படி: "மக்கா, கப்பல் இங்கேதான் நிக்கி. எதுக்க தெரியுத தீவுலதான் உன் நடாலி வுட் போன வாரம் தண்ணில போயிட்டா. பேப்பர் பூரா அதான். குளிர் தாங்கல. அம்மாவுக்கு மணியார்டர் சேந்துச்சான்னு ஒரு எட்டு போய்க் கேட்டு எழுது." கடைசி வரிக்கு இடம் போதாமல் முகவரிப் பக்கத்தில் ஏறி, பின்கோடை முட்டிக்கொண்டு நிற்கிறது.

இவர்களில் உங்களுக்குத் தெரிந்த யாரைப் பற்றியாவது எழுதுங்கள். அட்டைகளைப் பற்றித் தெரிந்தவர்களும் வாருங்கள், எனக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன.

#2 புதுப்படம்

சார், செம கலெக்‌ஷன். இதற்குப் பெயரே ஹாலிவுட் சாபம்தான். 1955 படம் ஒன்று, ரெபல் வித்தவுட் எ காஸ். அதில் மூன்று இளம் நடிகர்கள். டீன் கார் விபத்தில் போனார். சால் மினியோ 1976இல் வீட்டுக்குப் பின்சந்தில் கத்திக்குத்துப்பட்டுச் செத்தார், 37 வயது. நடாலி வுட் 1981இல் மூழ்கினார், 43. மூன்று பேருமே! நடாலியின் அம்மாவிடம் ஒரு குறிசொல்லி 'இருண்ட தண்ணீரிடம் ஜாக்கிரதை' என்று சொன்னதாகக் கதை உண்டு. நடாலியும் வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்குப் பயந்தவர்.

சூப்பர்மேன் எடுத்துக்கொள்ளுங்கள். டிவியில் நடித்த ஜார்ஜ் ரீவ்ஸ் 1959இல் துப்பாக்கிக் குண்டுக்குப் பலி. சினிமாவில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலற்றுப் போனார். புரூஸ் லீ, அவர் மகன் பிராண்டன் லீ. இதெல்லாம் தற்செயலா?

#3 ரீல்பெட்டி

தம்பி, அதே படத்தில் டென்னிஸ் ஹாப்பரும் நடித்தார். 74 வயது வரை இருந்தார். டீனுக்கு அப்பாவாக நடித்த ஜிம் பேக்கஸ் 76. சாபம் இவர்கள் வீட்டு முகவரியைத் தொலைத்துவிட்டதா?

தபால்பெட்டி சார், உங்கள் மேஜையில் நரைத்தவர்கள் ஏன் இல்லை என்பதற்கு என் விடை வேறு. ஹாலிவுட் புலவார்டு நினைவுப்பொருள் கடைக்காரன் 1978இல் எந்த அட்டையைத் தொங்கவிடுவான்? வயதாகாத முகத்தை. ஒலிவியா டி ஹாவிலண்ட் 104 வயது வரை இருந்தார், கிர்க் டக்ளஸ் 103. இருவருமே 2020இல்தான் போனார்கள். உங்கள் நண்பர் கண்ணில் பட்டது கடைக்காரன் பொறுக்கி வைத்த வரிசை. அதைப் பார்த்து ஹாலிவுட்டில் எல்லோரும் இளமையிலேயே செத்தார்கள் என்று முடிவு கட்டக் கூடாது.

டீன் விஷயத்தில் நடந்தது இதுதான். 1955 செப்டம்பர் 30. புது போர்ஷே 550 ஸ்பைடரை ரேஸுக்குக் கொண்டுபோகிறார். டிரெய்லரில் இழுத்துப் போவதாகத்தான் முதலில் திட்டம். வண்டி கைக்குப் பழகட்டும் என்று தானே ஓட்டினார். மதியம் மூன்றரை மணிக்கு அதிவேகத்துக்கு ஒரு சலான் வாங்கியாயிற்று. மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சோலாமே பக்கத்தில் ஒரு சந்திப்பு. எதிரே வந்த ஃபோர்டு இடப்பக்கம் திரும்புகிறது. ஓட்டியவர் ஒரு கல்லூரி மாணவர். சாம்பல் வெள்ளியில், தரையோடு தரையாக ஒரு கார். சாய்கிற வெயில். எதிராளி கண்ணுக்குத் தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம்.

அவர் கதாநாயகனாக நடித்தது மூன்றே படங்கள். உயிரோடு இருந்தபோது வெளிவந்தது ஒன்றுதான். கடைசிப் படப்பிடிப்பின்போது 'சாலையில் நிதானமாகப் போங்கள்' என்று ஒரு விழிப்புணர்வுப் பேட்டியும் கொடுத்திருந்தார். அதைப் பார்த்தால் நெஞ்சை என்னவோ செய்யும்.

#4 பாடிகட்டி நாமக்கல்

அண்ணே, நான் இங்கிலீஷ் படம் பார்க்கிற ஆள் இல்லை. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறை நம்முடையது. ஆனால் மேலே ஒரு பேர் பார்த்தேன், ஜேன் மான்ஸ்ஃபீல்டு. அந்த அம்மா பேர் எங்கள் தொழிலில் தெரியும். அமெரிக்காவில் டிரெய்லருக்குப் பின்னால் கீழே ஒரு இரும்புச் சட்டம் தொங்குமே, அதற்கு 'மான்ஸ்ஃபீல்டு பார்' என்றுதான் பேர்.

1967 ஜூன் 29, ராத்திரி இரண்டரை மணி சுமார். பிலாக்ஸியில் கிளப் நிகழ்ச்சி முடித்து நியூ ஆர்லியன்ஸுக்கு பியூக் காரில் போகிறார்கள். முன்சீட்டில் டிரைவர், அந்த அம்மா, அவருடைய வக்கீல். பின்சீட்டில் மூன்று குழந்தைகள் தூக்கம். ரோட்டில் கொசுமருந்து அடிக்கிற வண்டி புகையாக அடித்துக்கொண்டு போகிறது, அதற்குப் பின்னால் ஒரு டிரெய்லர் வேகம் குறைத்துவிட்டது. புகையில் டிரெய்லர் தெரியவில்லை. கார் நேராக அதன் அடியில் புகுந்துவிட்டது.

ஒரு காரை முன்னால் இடித்தால் முதலில் பம்பர் வாங்கும், அப்புறம் இன்ஜின் வாங்கும், ஆளிடம் வருவதற்குள் வேகம் பாதி செத்துவிடும். டிரெய்லர் தளம் அதைவிட உயரம். பானெட் அடியில் போய்விடும், தளத்தின் விளிம்பு நேராகக் கண்ணாடியில் வந்து நிற்கும். முன்சீட்டுக்காரருக்கு வாய்ப்பே இல்லை. பின்சீட்டில் தாழ உறங்கிய குழந்தைகள் மூன்றும் பிழைத்தன. தலை துண்டாகிவிட்டது என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள், அது புளுகு. மண்டையில் பலத்த அடி, அதில்தான் உயிர் போனது. கண்ணாடியோடு கிடந்த விக்கை போட்டோவில் பார்த்துக் கிளம்பிய கதை அது.

இதில் கோபம் வருகிற இடம் வேறு. அந்தக் கம்பி 1967லேயே சட்டத்தில் இருந்தது. 1953 விதி. ஆனால் தரையிலிருந்து 30 அங்குலம் வரை உயரத்தில் தொங்கலாம் என்று விட்டுவிட்டார்கள். 30 அங்குலத்தில் கம்பி இருந்தால் கார் மரியாதையாகக் குனிந்து உள்ளே போய்விடும். அதை 22 அங்குலமாக இறக்கி, பலத்துக்கும் அளவு வைத்த விதி அமலுக்கு வந்தது 1998இல். முப்பது வருஷம்.

நம் ஊரிலும் பின்கம்பி சட்டப்படி கட்டாயம். ஆனால் ரோட்டில் இடைஞ்சல் என்று கழற்றி வைத்துவிட்டு எஃப்சி அன்றைக்கு மட்டும் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இதற்காகவே பட்டறையில் வாடிக்கையாளரோடு தினம் சண்டை. சாபமாம் சாபம்.

#5 புதுப்படம்

அண்ணே, இது எனக்குச் சுத்தமாகத் தெரியாது. பிழைத்த குழந்தைகளில் ஒருவர்தானே மாரிஸ்கா ஹர்கிடே? 1999 முதல் அந்த போலீஸ் தொடரில் வருகிறாரே.

#6 பாடிகட்டி நாமக்கல்

அவர்தான். அப்போது மூன்று வயது. அந்தத் தொடரை என் மகள் பார்ப்பாள்.

#7 சேலம் டாக்டரம்மா

நாமக்கல்காரர் வழியிலேயே நானும் வருகிறேன். தபால்பெட்டி ஐயா சொன்ன ஹார்லோவையும், அந்த வரிசையில் இருந்திருக்க வேண்டிய ருடால்ஃப் வேலன்டினோவையும் எடுத்துக்கொள்கிறேன். மௌனப்பட யுகத்தின் பெரிய காதல் நாயகன் அவர்.

1926 ஆகஸ்ட் 15, நியூயார்க் ஹோட்டலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வலி குடல்வால் அழற்சி மாதிரி இருந்தது. உள்ளே இருந்ததோ ஓட்டை விழுந்த அல்சர். அந்த ஓட்டையிலிருந்து ஒழுகுவது வயிற்றின் வலப்புறமாகவே கீழே வடிந்து, குடல்வால் இருக்கிற இடத்தில் போய்த் தேங்கும். வலியும் அங்கேதான் காட்டும். இதற்கு இன்றும் 'வேலன்டினோ சிண்ட்ரோம்' என்றுதான் பெயர். பயிற்சி மருத்துவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் ஏதோ இத்தாலிய டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆபரேஷன் நடந்தது. ஆனால் வயிற்றுறை முழுக்கச் சீழ். எட்டாம் நாள் இறந்தார், 31 வயது. பென்சிலினை ஃப்ளெமிங் கண்டது 1928இல். நோயாளி கைக்கு வந்தது 40களில். அவர் உடலைப் பார்க்க நியூயார்க் தெருவில் லட்சம் பேர் முண்டியடித்து ஜன்னல் கண்ணாடிகளை உடைத்தார்கள்.

ஹார்லோ: தலைமுடிக்குப் போட்ட பிளீச் விஷமாகிவிட்டது, அம்மா மத நம்பிக்கையால் டாக்டரைச் சேர்க்கவில்லை என்று கதைகள் ஓடின. இரண்டும் உண்மையில்லை. வீட்டுக்கே டாக்டர்களும் நர்ஸுகளும் வந்து பார்த்தார்கள், பிறகு ஆஸ்பத்திரி. சிறுநீரகம் செயலிழந்து 1937 ஜூன் 7 அன்று இறந்தார். சிறுவயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சல் அப்போதே சிறுநீரகத்தைத் தொட்டிருக்கலாம் என்பார்கள். டயாலிசிஸ் இயந்திரத்தை வில்லெம் கோல்ஃப் நெதர்லாந்தில் முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தியது 1943இல். 1937இல் எந்த டாக்டராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடியும். முடியாமல் கிடந்த படத்துக்கு முதுகு காட்டுகிற டூப் போட்டு முடித்து அடுத்த மாதமே ரிலீஸ் செய்தார்கள். அதுவும் நன்றாக ஓடியது.

ஆனால் எல்லாவற்றுக்கும் 'அந்தக் காலத்தில் மருந்து இல்லை' என்று சொல்லிவிட முடியாது. சிலருக்கு மருந்துதான் எமன். ஜூடி கார்லண்ட் 13 வயதில் எம்ஜிஎம் ஸ்டுடியோ ஒப்பந்தத்துக்குள் போனார். உடம்பு மெலியவும் விழித்திருக்கவும் ஒரு மாத்திரை, இரவில் தூங்க இன்னொன்று. ஸ்டுடியோ கொடுத்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். 47 வயதில் லண்டனில் இறந்தார், பார்பிட்யூரேட் என்ற தூக்க மருந்து அளவு மீறி. மன்றோவுக்கும் அதே ரகம். இந்த மருந்தின் கொடுமை என்னவென்றால், பழகப் பழகத் தூக்கம் வரக் கூடுதலாக வேண்டும், ஆனால் கொல்லும் அளவு அவ்வளவாக நகராது. இடைவெளி சுருங்கிக்கொண்டே வரும். அந்த நாளில் இதை இஷ்டத்துக்கு எழுதிக் கொடுத்த டாக்டர்கள் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

#8 விஜி (கலிபோர்னியா)

தபால்பெட்டி ஐயா, உங்கள் கப்பல் நண்பரின் அட்டையில் இருப்பது அவலான். நடாலி வுட் இறந்தது அதே தீவில் இன்னும் மேற்கே, தீவு குறுகும் இஸ்த்மஸ் பக்கம். அங்கேதான் 'ஸ்ப்ளெண்டர்' படகை நிறுத்தியிருந்தார்கள். படகில் கணவர் ராபர்ட் வாக்னர், உடன் நடித்துக்கொண்டிருந்த கிறிஸ்டோபர் வாக்கன், படகோட்டி, நடாலி. நவம்பர் 28 இரவு, எல்லோரும் குடித்திருந்தார்கள். மறுநாள் காலை உடல் கிடைத்தது. சிவப்பு ஜாக்கெட், காலில் சாக்ஸ். முதலில் விபத்து என்றார்கள். 2011இல் வழக்கைத் திரும்பத் திறந்தார்கள். 2012இல் இறப்புச் சான்றிதழில் 'மூழ்கியதும், தீர்மானிக்க முடியாத பிற காரணங்களும்' என்று மாற்றினார்கள். அதோடு நிற்கிறது. இதில் சாபம் என்று சொன்னால் யாருக்கோ வசதியாகிவிடும் என்பது என் எண்ணம்.

அந்த வட்டக் கட்டடத்துக்கு கேசினோ என்று பெயர், ஆனால் சூதாட்டம் கிடையாது. கீழே தியேட்டர், மேலே நடன அரங்கு.

டீன் இறந்த சந்திப்பு வழியாகப் போயிருக்கிறேன். பொட்டல் காடு, மஞ்சள் புல். ஒரு மைல் தள்ளி சோலாமே தபால் நிலையமாக இருந்த கட்டடத்தின் முன்னால் ஒரு மரம், அதைச் சுற்றிப் பளபளவென்று எவர்சில்வர் சட்டம். ஜப்பானிய ரசிகர் ஒருவர் 1977இல் தன் செலவில் வைத்தது.

வெஸ்ட்வுட்டில் மன்றோவின் கல்லறை சுவரில் பதித்த ஒரு மாடம்தான். லிப்ஸ்டிக் முத்தம் பட்டுப் பட்டு அந்தக் கல் மட்டும் வேறு நிறமாகிவிட்டது. முன்னாள் கணவர், பேஸ்பால் வீரர் ஜோ டிமாஜியோ வாரம் மூன்று முறை ரோஜா அனுப்ப ஏற்பாடு செய்திருந்தார், 20 வருடம். அவரைப் பற்றி ஒரு பேட்டி கொடுக்கவில்லை, புத்தகம் எழுதவில்லை. எனக்குப் பேஸ்பால் தெரியாது, ஆனால் அந்த மனுஷனைப் பிடிக்கும்.

#9 தபால்பெட்டி

விஜி அம்மா, மிக்க நன்றி. என் சந்தேகங்கள்:

ஹார்லோவின் அட்டையில் அவர் முகம் இல்லை. பெவர்லி ஹில்ஸில் அவருடைய வெள்ளை வீடு மட்டும். தடவினால் துணி மாதிரி சொரசொரப்பு, நிறம் எல்லாம் தீபாவளி மத்தாப்பு. லாஸ் ஏஞ்சலீஸ் நண்பன் 1976இல் அனுப்பியிருக்கிறான். ஆனால் வெளியிட்டவர் முகவரியில் 'ஹாலிவுட் 28, கலிபோர்னியா' என்று அச்சடித்திருக்கிறது. அது என்ன 28?

இன்னொன்றில் கரோல் லொம்பார்ட், பழுப்பு போட்டோ, கீழே 'ராஸ்' என்று. ஜெர்மன் எழுத்து.

#10 அட்டைப்பெட்டி

ஐயா, இதற்காகத்தானே காத்திருந்தேன்.

28 என்பது பழைய தபால் மண்டல எண். 1943இல் வந்தது. 1963 ஜூலையில் ஐந்து இலக்க ஜிப் கோடு வந்ததும் போயிற்று. ஆகவே அந்த அட்டை அச்சானது இந்த இருபது வருடங்களுக்குள். சொரசொரப்பு இருப்பதால் 50களுக்குப் பிறகு இருக்க வாய்ப்பு குறைவு. லினன் அட்டை என்பார்கள். 30களில் தொடங்கிய ரகம், சிகாகோவின் கர்ட் டைக் கம்பெனி இதில் கொடி கட்டிப் பறந்தது. கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்கு அச்சகத்திலேயே நிறம் ஏற்றுவார்கள், அதனால்தான் மத்தாப்பு. நட்சத்திரங்களின் வீடுகள் தனி வரிசையாகவே வந்தன. ஆக உங்கள் நண்பர் யாரோ கடைக்காரரின் பழைய சரக்கை வாங்கியிருக்கிறார். ஹார்லோ இறந்து வருடக்கணக்கான பிறகும் 'ஹார்லோ வீடு' என்று அச்சாகிக்கொண்டிருந்திருக்கிறது!

ராஸ் அட்டைதான் உங்களிடம் இருப்பதில் தங்கம். பெர்லினில் ஹைன்ரிஷ் ராஸ் நடத்திய நிறுவனம். உலக நட்சத்திரங்கள் எல்லோரையும் அட்டையாகப் போட்டவர். யூதர். 1937இல் நாஜிகள் அவரிடமிருந்து கம்பெனியைப் பிடுங்கினார்கள். அமெரிக்காவுக்குத் தப்பிப் போனார். கொடுமை என்னவென்றால், ஆளைத் துரத்திய பிறகும் சில வருடம் அவர் பெயரைப் போட்டே விற்றார்கள், பெயருக்கு அவ்வளவு மதிப்பு. இந்த இழையில் நட்சத்திரங்களுக்காக அழுகிறோம், அவர்களை நம் வீடு வரை கொண்டுவந்த ஆளுக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். அமிலமில்லாத உறையில், வெளிச்சம் படாமல், படுக்கவைத்து வையுங்கள். செல்லோடேப் இருந்தால் பிய்க்க வேண்டாம்.

#11 ரீல்பெட்டி

லொம்பார்ட் பெயர் வந்துவிட்டது. புதுப்படம் தம்பி நாணயக் கதையோடு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். 1942 ஜனவரி. போர்ப் பத்திரம் விற்க சொந்த மாநிலமான இண்டியானாவுக்குப் போனார், ஒரே நாளில் 20 லட்சம் டாலருக்கு மேல் விற்றார். திரும்ப ரயிலா விமானமா என்று நாணயம் சுண்டி விமானம் வென்றதாகச் சொல்வார்கள். லாஸ் வேகாஸில் எரிபொருள் போட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பொடோசி மலையில் மோதியது. அவர், அவர் அம்மா, ராணுவ விமானப்படை வீரர்கள் 15 பேர் உட்பட 22 பேர், யாரும் மிஞ்சவில்லை. விசாரணையில் வந்தது: விமானம் பிடித்த திசை தப்பு. போர்க்கால இருட்டடிப்பால் அந்தப் பக்கத்து வழிகாட்டி விளக்குகளில் பெரும்பாலானவை அணைக்கப்பட்டிருந்தன. நாணயம் பூவா தலையா என்பதற்கும் மலைக்கும் சம்பந்தம் கிடையாது. அவருக்கு வயது 33. கணவர் கிளார்க் கேபிள் அதே ஆண்டு விமானப்படையில் சேர்ந்தார்.

பிராண்டன் லீ பற்றியும் கேட்டாய். 1993 மார்ச் 31, படப்பிடிப்பு. முந்தைய ஒரு காட்சிக்காக டம்மி தோட்டா (முனை உண்டு, வெடிமருந்து இல்லை) போட்டிருந்தார்கள். அதன் ஈயமுனை கழன்று குழலுக்குள் மாட்டியதை யாரும் பார்க்கவில்லை. அடுத்து வெற்றுத் தோட்டா (வெடிமருந்து உண்டு, முனை இல்லை) போட்டுச் சுட்டதும் அந்த முனை நிஜக் குண்டாகப் பாய்ந்தது. அப்பா இறந்தது மூளை வீக்கத்தில், 20 ஆண்டு முன்பு, ஹாங்காங்கில். இரண்டையும் சேர்த்துச் சாபம் என்றால் துப்பாக்கியைச் சோதிக்க வேண்டியவர் தப்பித்துக்கொள்வார். 2021இல் 'ரஸ்ட்' படப்பிடிப்பில் ஒளிப்பதிவாளர் ஹலீனா ஹட்சின்ஸ் அதே மாதிரி அலட்சியத்துக்குப் பலியானார். அங்கே துப்பாக்கியில் நிஜத் தோட்டாவே இருந்தது.

#12 புதுப்படம்

சரி அண்ணே, சாபத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் ஜார்ஜ் ரீவ்ஸ் விஷயம் இன்னும் மர்மம்தான், அதை விடமாட்டேன்.

#13 ரீல்பெட்டி

மர்மம் என்று சொல், நானும் உன்னோடு உட்கார்ந்து பேசுகிறேன்.

#14 கொள்ளிடம்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். வெள்ளை நாயகிகளுக்கு மட்டும்தான் அட்டையா? டோரதி டான்ட்ரிட்ஜ், சிறந்த நடிகை ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண். அதற்குப் பின் அவருக்கேற்ற வேடம் தர ஹாலிவுட்டில் ஆள் இல்லை. கடனாளியாகி 1965இல் 42 வயதில் இறந்தார். அவருக்கு விபத்தும் கிடையாது, மர்மக் கொலையும் கிடையாது, அதனால் இணையத்தில் கதையும் கிடையாது.

#15 தபால்பெட்டி

கொள்ளிடம், நியாயமான கேள்வி. கட்டில் டான்ட்ரிட்ஜ் இல்லை. ஆனால் சாபு இருக்கிறார், யானை மேல். மைசூர் மகாராஜாவின் யானைக் கொட்டாரத்தில் வளர்ந்த பையன். 1937இல் ஒரே படத்தில் உலகப் புகழ். போரில் அமெரிக்க விமானப்படையில் துப்பாக்கி வீரனாகப் பறந்து பதக்கம் வாங்கினார். போர் முடிந்து வந்தால் காட்டுப் பையன் வேடத்தைத் தாண்டி எதுவும் தரமாட்டேன் என்கிறார்கள், இவருக்கோ வயது ஏறிவிட்டது. 1963 டிசம்பரில் மாரடைப்பு, 39 வயது.

அந்த அட்டையை அனுப்பியது கப்பல்காரன். 'மைசூர்ப் பையன், நம்ம பக்கத்து ஊருக்காரன், நரை விழுமுன்னே போயிட்டான்' என்று மட்டும் எழுதியிருக்கிறான். தூத்துக்குடிக்கு மைசூர் பக்கத்து ஊராம்!

#16 அட்டைப்பெட்டி

ஐயா, சாபு அட்டையா? அதைச் சொல்லாமல் ஹார்லோ வீட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே! பின்பக்கத்தில் நடுக்கோட்டை ஒட்டிச் சின்னதாக ஏதாவது எண் அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இரண்டு பக்கமும் ஸ்கேன் போடுங்கள், வீட்டு முகவரியை மட்டும் மறைத்துவிடுங்கள்.

#17 தபால்பெட்டி

எண் இருக்கிறது, அதன் மேல் தபால்தலை பாதி ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பேரன் வருகிறான், ஸ்கேன் செய்யச் சொல்கிறேன்.